சீவல் சொல்லும் சேதி

நுழையும்முன்

உலோகத்தை வெட்டும் தொழிலில் கணினி நுழைந்து பல பத்தாண்டுகள் கடந்துவிட்டன. கைப்பிடிகளைச் சுழற்றிய இடத்தில் இன்று எண்களும் எழுத்துகளும் ஆணையிடுகின்றன. ஆயினும், எந்தக் கருவியால், எந்த வேகத்தில், எவ்வழியில் வெட்டுவது என்னும் தேர்வு மனித அறிவையே சார்ந்து நிற்கிறது. அத்தேர்வு நிகழும் முறையை ஒரு பம்புத் தண்டின் வழியாக விளக்குகிறது இப்பாடம்.

வெட்டுதலைக் குறிக்கத் தமிழில் சொற்கள் பல. கிளையைத் தறிப்பர்; பலகையை அறுப்பர்; காயை நறுக்குவர்; தேங்காயைத் துருவுவர்; கல்லைச் செதுக்குவர்; கட்டிற்காலைக் கடைவர்; மரத்தைக் குடைந்து உரலாக்குவர்; கதவின் முகத்தை இழைப்பர். செயல் மாறும்போது சொல் மாறுகிறது. சொல்லோடு கருவியும் மாறுகிறது. தச்சரின் பெட்டியில் வாய்ச்சிக்கும் உளிக்கும் இழைப்புளிக்கும் தனித்தனி இடம் உண்டு. இழைப்புளியைத் தள்ளுவதற்கு முன் அவர் பலகையை ஒருமுறை தடவிப் பார்ப்பார். மரத்தின் நாரோட்டம் எப்பக்கம் செல்கிறது என்று விரல்கள் அறிந்துகொள்ளும். நாருக்கு எதிராகத் தள்ளினால் மரம் சிலும்பும் என்பது அவருக்குத் தெரியும்.

உலோகப் பட்டறையின் செயல்முறைகள் இவ்வினைகளுக்கு உறவானவையே. பொருள் சுழல, கருவி அதனருகே நகர்ந்து வெட்டினால் அது கடைதல். கருவி சுழன்று, பற்றி நிறுத்தப்பட்ட பொருளைச் சீவினால் அது துருவல். தொழிலாளர் அதனை ‘மில்லிங்’ என்பர். துளைத்தல், துளையைக் குடைந்து அகலமாக்குதல், மரையிடுதல் ஆகியவை இவற்றைத் தொடர்ந்து வருவன. இவை அனைத்தையும் எண்களின் ஆணைப்படி செய்யும் இயந்திரமே சிஎன்சி இயந்திரம் ஆகும். அமெரிக்காவின் ஜான் பார்சன்ஸ் உலங்கூர்தி இறக்கைகளின் வளைவை எண்களால் வரையறுத்து வெட்ட எண்ணியதிலிருந்து இத்துறை பிறந்தது. 1952ஆம் ஆண்டில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில், துளையிட்ட நாடாவைப் படித்து மூன்று அச்சுகளில் நகரும் துருவல் இயந்திரம் பொதுமக்கள் முன் இயக்கிக் காட்டப்பட்டது. பின்னர் நாடாவின் இடத்தைக் கணினி பிடித்தது.

இயந்திரத்திற்கு எண்கள் தெரியும், உலோகம் தெரியாது. மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு நகர் என்றால் நகரும். தவறான வேகத்தில் சுழலச் சொன்னாலும் மறுப்பின்றிச் சுழலும். தச்சரின் விரல்கள் மரத்தைத் தடவி அறிந்ததை இங்கு யார் அறிவது? நிரல் எழுதுபவரும் இயந்திரத்தின் முன் நிற்பவருமே அறிய வேண்டும்.

பொருளை அறிதல்

பம்பு உற்பத்திக்குப் பெயர்பெற்ற கோயம்புத்தூரில், ஒரு பட்டறைக்குப் பம்புத் தண்டு செய்யும் பணி வருகிறது எனக் கொள்வோம். 40 மில்லிமீட்டர் விட்டமுள்ள துருப்பிடிக்கா எஃகுக் கம்பி. வகை எண் 304. அதனை 35 மில்லிமீட்டராகக் கடைந்து, தாங்கி அமரும் இடத்தை வழுவழுப்பாக்கி, ‘கீவே’ எனப்படும் நீள்பள்ளம் ஒன்றை அதில் வெட்ட வேண்டும். வரைபடம் தெளிவாக உள்ளது. முதற்கேள்வி கருவியைப் பற்றியது என்று தோன்றலாம். உண்மையில் அது பொருளைப் பற்றியது.

வார்ப்பிரும்பை வெட்டினால் சீவல் பொடிப்பொடியாக உதிரும். அதிலுள்ள கரித்துகள்கள் கருவிக்கு உராய்வைக் குறைக்கும். பல பட்டறைகளில் அதனைக் குளிர்நீர்மம் இன்றியே வெட்டுகின்றனர். அலுமினியம் மென்மையானது, மிக வேகமாக வெட்டலாம். ஆனால், அது கருவியின் விளிம்பில் ஒட்டிக்கொள்ளும் குணமுடையது. எனவே, கூரிய விளிம்பும் மெருகேற்றிய முகமும், சீவல் வெளியேற அகன்ற பள்ளங்களும் கொண்ட கருவி வேண்டும். எஃகைத் துருவ நான்கு பற்களுள்ள கருவி ஏற்றது என்றால், அலுமினியத்துக்கு இரண்டோ மூன்றோ பற்கள் போதும். டைட்டானியம் அலுமினியம் நைட்ரைடு பூசிய கருவி எஃகில் சிறப்பாக உழைக்கும். அதனையே அலுமினியத்தில் பயன்படுத்தினால் பூச்சிலுள்ள அலுமினியமும் வெட்டப்படும் அலுமினியமும் ஒன்றையொன்று நாடி ஒட்டும். விலை உயர்ந்த கருவியே எங்கும் நல்ல கருவி என்று எண்ணுவோர் இங்கு ஏமாறுவர்.

துருப்பிடிக்கா எஃகு 304 இவ்விரண்டிலிருந்தும் வேறுபட்டது. அதற்கு இரண்டு இயல்புகள் உண்டு. வெப்பத்தை அது எளிதில் கடத்தாது. ஆகவே, வெட்டும்போது எழும் சூடு பொருளுக்குள் பரவாமல் கருவியின் முனையிலேயே தேங்கும். இரண்டாவது இயல்பு இன்னும் நுட்பமானது. அழுத்தினாலோ தேய்த்தாலோ அதன் மேற்பரப்பு முன்னைவிடக் கடினமாகிவிடும்.

புதிதாகப் பணிக்கு வரும் இளைஞர் பெரும்பாலும் அச்சத்தோடு வெட்டுவார். கருவி உடைந்துவிடுமோ என்று ஒரு சுற்றுக்கு மிகக் குறைவாக நகர்த்துவார். மிக மெல்லிய படலமாகச் சீவ முயல்வார். மென் எஃகில் இந்த எச்சரிக்கையால் பெருந்தீங்கு விளைவதில்லை. 304 எஃகிலோ கருவி வெட்டாமல் தேய்க்கத் தொடங்குகிறது. எந்த வெட்டு விளிம்பும் நுண்ணோக்கியில் பார்த்தால் சற்று உருண்டே இருக்கும். சீவலின் தடிமன் அந்த உருட்சியைவிடக் குறைந்தால் விளிம்பு உலோகத்துக்குள் இறங்காது. மேலே வழுக்கி அழுத்தும். அழுத்தப்பட்ட பரப்பு கடினமாகும். அடுத்த சுற்றில் கருவி அந்தக் கடினமான தோலைச் சந்தித்து மழுங்கும். மழுங்கிய கருவி மேலும் தேய்க்கும். காப்பாற்ற எண்ணிய கருவி, காப்பாற்ற எடுத்த முயற்சியாலேயே வீணாகிறது. ஆகவே, இவ்வுலோகத்தில் துணிந்து இறங்கிச் சீவுவதே பாதுகாப்பானது. இறுதிச் சீவலுக்கு 0.05 மில்லிமீட்டர் மட்டும் விட்டுவைக்காமல், 0.3 முதல் 0.5 மில்லிமீட்டர் வரை விட்டுவைப்பது அனுபவமுள்ளவர் வழக்கம்.

கருவி பிறந்த கதை

கருவி, தான் வெட்டும் பொருளைவிடக் கடினமாக இருக்க வேண்டும். சூட்டிலும் அக்கடினத்தை இழக்காதிருக்க வேண்டும். அதிர்ச்சியில் நொறுங்காதிருக்க வேண்டும். இம்மூன்றும் ஒரே பொருளில் முழுமையாக அமைவதில்லை. கருவிகளின் வரலாறு முழுவதும் இந்த இழுபறியின் வரலாறே.

அமெரிக்கப் பொறியாளர் பிரடெரிக் டெய்லர் 1880ஆம் ஆண்டில் உலோக வெட்டுதலைப் பற்றிய ஆய்வுகளைத் தொடங்கினார். அவரே பட்டறையில் பயிற்சித் தொழிலாளியாக இருந்தவர். 26 ஆண்டுகள் நீண்ட அவ்வாய்வில், 3,60,000 கிலோகிராமுக்கும் மேற்பட்ட எஃகும் இரும்பும் சீவல்களாயின. கருவியின் முனையில் நீரைப் பெருக்காகப் பாய்ச்சினால் வேகத்தை ஏறத்தாழ 40 சதவீதம் கூட்டலாம் என்பது அவர் கண்டவற்றுள் ஒன்று. மற்றொன்று, மான்செல் வைட் என்பவரோடு சேர்ந்து அவர் உருவாக்கிய அதிவேக எஃகு. 1900ஆம் ஆண்டு பாரிசுக் கண்காட்சியில் அக்கருவி முனை சிவக்கக் காய்ந்த நிலையிலும் எஃகை வெட்டியது. அதுவரை அத்தகைய சூட்டில் கருவி மென்மையாகி மடங்குவதையே கண்டிருந்தோர் வியந்தனர்.

அதிவேக எஃகும் ஏறத்தாழ 600 பாகை செல்சியசுக்கு மேல் தளரும். 1920களின் பிற்பகுதியில் ஜெர்மனியின் குருப் நிறுவனம் டங்ஸ்டன் கார்பைடு துகள்களைக் கோபால்ட்டுடன் சேர்த்து அழுத்தி, சூட்டில் இறுகச்செய்த கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ‘வைரம் போல’ என்று பொருள்படும் ஜெர்மன் சொற்களைச் சுருக்கி அதற்கு ‘விடியா’ என்று பெயரிட்டனர். இன்றைய சிஎன்சி இயந்திரங்களில் பெரும்பாலும் வெட்டுவது கார்பைடே. கருவித்தண்டின் நுனியில் திருகால் பொருத்தப்படும் சிறு வில்லையை ‘இன்செர்ட்’ என்பர். ஒரு முனை மழுங்கினால் அதனைத் திருப்பி மறுமுனையைப் பயன்படுத்தலாம்.

கார்பைடு வந்ததும் அதிவேக எஃகு மறைந்துவிடவில்லை. கார்பைடு கடினமானது, ஆயினும் எளிதில் நொறுங்கக்கூடியது. அதிர்வுள்ள பழைய இயந்திரத்திலும், மரையிடும் கருவிகள் பலவற்றிலும் அதிவேக எஃகின் பொறுமையே கைகொடுக்கிறது. வைரத்தையே கருவியாக்கினால் எல்லாவற்றையும் வெட்டலாமே என்னும் ஐயம் எழலாம். வைரம் முழுவதும் கரியணுக்களால் ஆனது. எஃகை வெட்டும் சூட்டில் அக்கரி இரும்போடு கலந்து கரைந்துபோகும். அலுமினியத்தில் நெடுநாள் உழைக்கும் வைரக்கருவி எஃகில் விரைவில் தேய்ந்துவிடும். உலகின் மிகக் கடினமான பொருளுக்கும் ஒவ்வாத இடம் உண்டு.

தெரிந்து தெளிவோம்

இன்செர்ட் பெட்டிகளின் மேலுள்ள நிறம் அது எப்பொருளுக்கு உரியது என்பதைக் காட்டும். இது பன்னாட்டுத் தர முறை. நீலம் – எஃகு. மஞ்சள் – துருப்பிடிக்கா எஃகு. சிவப்பு – வார்ப்பிரும்பு. பச்சை – அலுமினியம் முதலிய இரும்பு சாரா உலோகங்கள். பழுப்பு – வெப்பம் தாங்கும் கலவைகள். சாம்பல் – கடினமாக்கப்பட்ட எஃகு.

வேகமும் ஊட்டமும் ஆழமும்

பம்புத் தண்டுக்கு மஞ்சள் குறியிட்ட, பூச்சுள்ள கார்பைடு இன்செர்ட் தேர்ந்தெடுக்கப்பட்டது எனக் கொள்வோம். இனி மூன்று எண்களை முடிவுசெய்ய வேண்டும். உலோகத்தின் மேற்பரப்பு கருவியைக் கடந்து நிமிடத்திற்கு எத்தனை மீட்டர் ஓடுகிறது என்பது வெட்டு வேகம். ஒரு சுற்றுக்குக் கருவி எவ்வளவு நகர்கிறது என்பது ஊட்டம். எவ்வளவு தடிமனைச் சீவுகிறது என்பது வெட்டு ஆழம்.

வெட்டு வேகத்தையும் சுழற்சி எண்ணிக்கையையும் ஒன்றென மயங்குதல் கூடாது. 40 மில்லிமீட்டர் கம்பியை நிமிடத்திற்கு 120 மீட்டர் வேகத்தில் வெட்ட வேண்டுமெனில், 120ஐ 1000ஆல் பெருக்கி, அதனைக் கம்பியின் சுற்றளவால் வகுக்க வேண்டும். விடை ஏறத்தாழ 955 சுற்றுகள். விட்டம் பாதியானால் சுற்றுகள் இரு மடங்காக வேண்டும். கம்பியின் முகத்தை ஓரத்திலிருந்து நடு நோக்கிச் சீவும்போது விட்டம் நொடிக்கு நொடி குறைகிறது. வெட்டு வேகம் மாறாதிருக்க இயந்திரமே சுற்றுகளைக் கூட்டிக்கொள்ளும்படி ‘ஜி 96’ என்னும் கட்டளையால் பணிக்கலாம். விட்டம் 10 மில்லிமீட்டராகும் இடத்தில் 3,820 சுற்றுகள். 2 மில்லிமீட்டரில் 19,100 சுற்றுகள். நடுப்புள்ளியில் கணக்கு எல்லையின்றி உயரும். சுழற்சி மிகும்போது கம்பியைப் பற்றியிருக்கும் சக்கின் தாடைகள் வெளிநோக்கி இழுக்கப்பட்டு, பிடி தளரும். பின்புறம் நீண்டிருக்கும் கம்பி சாட்டைபோல் வளைந்து வீசும். எனவே, உச்சவரம்பை நிரலில் முன்கூட்டியே எழுதிவிட வேண்டும். அந்த ஒரு வரி விடுபட்டால் ஆபத்து இயந்திரத்திற்கு மட்டும் நேர்வதில்லை. எதிரே நிற்பவருக்கும் நேரும்.

மூன்று எண்களுள் கருவியின் ஆயுளை மிகுதியாகக் குறைப்பது வேகமே. டெய்லர் வகுத்த வாய்பாட்டின்படி, கார்பைடு கருவியில் வேகத்தை 20 சதவீதம் கூட்டினால் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும். அதிவேக எஃகிலோ கால் பங்கிற்கும் கீழே இறங்கும். ஊட்டத்தின் பாதிப்பு அதைவிடக் குறைவு. ஆழத்தின் பாதிப்பு மிகக் குறைவு. ஆகவே, பணியை விரைந்து முடிக்க விரும்புவோர் முதலில் ஆழத்தையும் அடுத்து ஊட்டத்தையும் கூட்டிப் பார்ப்பர். வேகத்தை இறுதியில்தான் தொடுவர். பொதுவாக மனம் நாடுவது இதற்கு நேர்மாறான வரிசையை!

எண்கள் சரிதானா என்பதைச் சீவல் காட்டிவிடும். வெட்டும்போது பிறக்கும் வெப்பத்தில் பெரும்பகுதியைச் சீவல்தான் ஏந்திச்செல்ல வேண்டும். எஃகில் கார்பைடு வெட்டும்போது சீவல் வைக்கோல் நிறத்திலோ நீலமாகவோ விழுந்தால் கவலையில்லை. சூடு சீவலோடு போகிறது. அதிவேக எஃகுக் கருவியில் நீலச் சீவல் விழுந்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும். வடிவமும் செய்தி சொல்லும். 6, 9 ஆகிய எண்களைப்போல் குறுகச் சுருண்டு உடைந்து விழுவது நல்லது. உடையாமல் நீளும் சீவல் தண்டைச் சுற்றிக்கொண்டு அதன் மேற்பரப்பைக் கீறும். கையால் அகற்ற முயன்றால் கத்தியைப்போல் அறுக்கும். இயந்திரத்தை நிறுத்தி, கொக்கியால் மட்டுமே அதனை எடுக்க வேண்டும். இன்செர்ட்டின் முகத்திலுள்ள சிறு மேடுபள்ளங்கள் அழகுக்காக அமைந்தவையல்ல. சீவலை மடக்கி உடைப்பதற்கானவை. ஊட்டம் மிகக் குறைந்தால் சீவல் அந்த மேட்டை எட்டாமலே நழுவிச்செல்லும். அச்சத்தோடு வெட்டுவதன் தீங்கு இங்கும் தலைகாட்டுகிறது.

முனையும் பிடியும்

தாங்கி அமரும் இடம் வழுவழுப்பாக வேண்டும். கடைந்த பரப்பு நுண்ணிய மரைபோல் வரிகள் கொண்டது. அவ்வரிகளின் உயரம், ஊட்டத்தின் இருமடிக்கு நேர் விகிதத்திலும் கருவி முனையின் ஆரத்திற்கு எதிர் விகிதத்திலும் அமையும். ஊட்டம் 0.2 மில்லிமீட்டரும் முனை ஆரம் 0.4 மில்லிமீட்டரும் ஆனால் கணக்கின்படி உயரம் 12.5 மைக்ரான். ஆரத்தை 0.8 ஆக்கினால் அது பாதியாகும். ஊட்டத்தைப் பாதியாக்கினால் கால் பங்காகும். அப்படியெனில் ஆரத்தைக் கூட்டிக்கொண்டே போகலாமா? பெரிய ஆரம் தண்டைப் பக்கவாட்டில் தள்ளும். நீண்டு மெலிந்த தண்டு அத்தள்ளலில் அதிர்ந்து ஓலமிடும். பரப்பில் அலையலையாகத் தழும்புகள் விழும்.

கருவியின் நீட்டமும் இவ்வாறே கவனத்திற்குரியது. பிடியிலிருந்து கருவி வெளியே நீளும் அளவு இரு மடங்கானால், அதே விசையில் அதன் வளைவு எட்டு மடங்காகும். விட்டம் இரு மடங்கானால் வளைவு பதினாறில் ஒன்றாகும். தேவையான அளவுக்குமேல் ஒரு விரற்கடையும் நீட்டாமல் குட்டையாகவும் தடிமனாகவும் பிடிப்பதே முறை. செலவின்றிக் கிடைக்கும் இந்த நன்மையைப் பலர் கைவிடுகின்றனர் என்பது வியப்புக்குரியது.

பள்ளம் வெட்டும் வழி

35 மில்லிமீட்டர் தண்டுக்கு உரிய நீள்பள்ளம் 10 மில்லிமீட்டர் அகலமுடையது. 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள துருவற்கருவியை ஒருமுறை ஓட்டினால் வேலை முடிந்துவிடும்போலத் தோன்றும். முடியாது. சுழலும் கருவி முழு அகலத்தில் புகும்போது ஒரு சுவரில் அது நகரும் திசைக்கு எதிராகவும், மறுசுவரில் நகரும் திசையோடு ஒத்தும் பற்கள் வெட்டுகின்றன. கருவி ஒருபக்கமாக வளைய, பள்ளம் சற்றே சாய்ந்தும் அகன்றும் போகிறது. ஆகையால், 8 மில்லிமீட்டர் கருவியால் நடுவில் வெட்டி, பின்னர் இரு சுவர்களையும் தனித்தனியே ஒரே முறையில் சீவி அளவுக்குக் கொண்டுவருவர்.

அந்த ‘ஒரே முறை’ எது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. பற்கள் நகர்வுக்கு எதிராக வெட்டினால் சீவல் சுழியத் தடிமனில் தொடங்கித் தடிக்கும். தொடக்கத்தில் விளிம்பு தேய்க்கும். நகர்வோடு ஒத்து வெட்டினால் சீவல் தடிமனாகத் தொடங்கி மெலிந்து முடியும். பரப்பும் நன்றாக அமையும். இருந்தும் பழைய துருவல் இயந்திரங்களில் இரண்டாம் முறையை ஆசிரியர்கள் தடுத்தனர். அவற்றின் திருகு மரைகளில் இடைவெளி இருந்தது. கருவி பொருளைத் தன்பால் இழுக்க, மேசை துள்ளி முன்னே பாய்ந்து கருவி உடையும். சிஎன்சி இயந்திரங்களில் குண்டுமணிகள் உருளும் திருகுகள் வந்தபின் அந்த இடைவெளி ஏறத்தாழ மறைந்தது. அன்று தவிர்க்கப்பட்ட முறை இன்று முதல் தேர்வாகிவிட்டது. வார்ப்படங்களின் கடினமான மேல்தோலைச் சீவும்போது மட்டும் பழைய முறை இன்றும் பயன்படுவதுண்டு. பல் உள்ளிருந்து தோலை நோக்கி வெட்டிச்செல்வதால், நுழையும் நொடியிலேயே தோலில் மோதுவதில்லை.

துருவலில் குளிர்நீர்மத்தையும் ஆராய்ந்தே பாய்ச்ச வேண்டும். ஒவ்வொரு பல்லும் வெட்டும்போது காய்ந்து, வெளிவரும்போது குளிர்கிறது. அரைகுறையாக நீர்மம் தெளித்தால் இந்த ஏற்றஇறக்கம் கூடி, கார்பைடில் நுண்விரிசல்கள் தோன்றும். நிறைவாகப் பாய்ச்ச வேண்டும். இயலாதபோது, பொருள் இடம்கொடுத்தால் காற்றை மட்டும் ஊதி வெட்டலாம். 304 எஃகு இடம்கொடுப்பதில்லை. அதற்கு நிறைவான பாய்ச்சலே உகந்தது.

அறிவு யாரிடம்?

தொழிலாளரின் கைப்பழக்கமாக இருந்த அறிவை அளந்து எழுதி, அலுவலகத்தில் அமர்ந்திருப்போர் கையில் சேர்ப்பதே டெய்லரின் நோக்கமாக இருந்தது. வெட்டுதலைப் பாதிக்கும் பன்னிரண்டு காரணிகளை அவர் வகைப்படுத்தினார். அவரோடு பணியாற்றிய கார்ல் பார்த் அவற்றை ஒரு நழுவுகோலில் அடக்கினார். கோலை நகர்த்தினால் வேகமும் ஊட்டமும் கிடைத்தன. தொழிலாளர் இதனை மகிழ்ந்து வரவேற்கவில்லை. டெய்லரின் மேலாண்மை முறையில் நிறுத்துகடிகாரத்தால் வேலை அளக்கப்படுவதை எதிர்த்து, 1911ஆம் ஆண்டில் வாட்டர்டவுன் படைக்கலச் சாலையின் வார்ப்புத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். இன்று அந்த நழுவுகோலின் இடத்தில் மென்பொருள் இருக்கிறது. கருவி நிறுவனங்களின் அட்டவணைகள் இருக்கின்றன.

அட்டவணைகள் தொடக்க எண்ணைத் தருகின்றன. அவ்வெண் ஒரு புதிய இயந்திரத்தையும் உறுதியான பிடியையும் குறையற்ற உலோகத்தையும் கருத்தில் கொண்டது. பதினைந்து ஆண்டுகள் உழைத்த இயந்திரத்தின் முன் நிற்பவர் அவ்வெண்ணைச் சற்றே குறைத்துத் தொடங்கி, ஒலியைக் கேட்டும் சீவலைப் பார்த்தும் கூட்டுகிறார். சீரான ஒலி கீச்சென மாறினால் இன்செர்ட்டைத் திருப்பும் நேரம் வந்ததை அறிகிறார். இத்தகைய மாற்றங்களை அவர் ஒரு குறிப்பேட்டில் தேதியோடு எழுதிவைத்தால், இரவுப்பணிக்கு வருபவர் அதே தவற்றை மீண்டும் செய்ய நேராது. கைப்பழக்கம் இவ்வாறு எழுத்தாகும்போது அது பட்டறையிலேயே தங்குகிறது.

முதல் தண்டு முடிந்துவிட்டது. தாங்கி அமரும் இடத்தில் மைக்ரோமீட்டரை வைத்தால் 35 மில்லிமீட்டர் மிகச்சரியாகக் காட்டுகிறது. உடனே அடுத்த கம்பியைப் பூட்டிவிடலாம். ஆனால், தண்டு இன்னும் கையைச் சுடுகிறது. அறைவெப்பத்தைவிட 40 பாகை சூடாக இருந்தால், 35 மில்லிமீட்டர் விட்டமுள்ள 304 எஃகு ஏறத்தாழ 24 மைக்ரான் விரிந்திருக்கும். வரைபடம் அவ்விடத்திற்கு அனுமதிக்கும் வேறுபாடு 16 மைக்ரான். தண்டு ஆறியபின் மீண்டும் அளந்து, அதன் பிறகே நிரலில் உள்ள எண்ணைத் திருத்த வேண்டும்.